பாட்டு மில்லுக்கு நாங்கள் போன நாள்

எனக்குக் கோபம் வந்தால் வாய் முந்திக்கொள்ளும். என்னைப் பெற்றவள் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனாள். கட்டியவர் முப்பத்தைந்து வருடமாக இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். இல்லையென்று நானும் மறுத்ததில்லை. அன்றைக்கும் அப்படித்தான் நடந்தது.

வத்தேகமயில் எங்கள் வீட்டு முன்னறையில் நானா வந்து உட்கார்ந்திருந்தார். முஸ்லிம் ஆட்கள் அண்ணனை நானா என்பார்கள். பல்லேகல துணி மில்லில் எங்களோடு வேலை செய்த இவர் தமிழர், சிங்களவர் என்று எல்லோருக்குமே நானாதான். நூல் ஸ்டோரில் இருந்தவர். மில் பாட்டுக் கோஷ்டியில் ஆர்மோனியம் வாசித்தவர். மில் மூடிய பிறகு மடவளையில் துணிக்கடை போட்டு, இப்போது கடையை மகனிடம் கொடுத்துவிட்டு ஊர் ஊராகச் சொந்தக்காரர்களைப் பார்த்து வருகிறார்.

"மில்ல திரும்பத் திறந்து ஒரு வருசமாகுதாம். பழைய ஆக்கள எல்லாம் வரச் செல்லிரிக்காங்க" என்றார். "சுத்திக் காட்டுவாங்க, பகல் சாப்பாடு இரிக்கி. அதுக்குப் பொறகு நம்மட கோஷ்டி ஒரு பாட்டு படிக்கணுமாம்."

சொல்லிவிட்டு, கோஷ்டியில் டோல்கி என்ற கைமேளம் வாசித்த என் கணவர் பக்கம் திரும்பினார். "நீங்க இல்லாம எப்படி? டோல்கிக்கு வேற ஆள் ஏது?"

என் கணவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு மனப்பாடம். காதில் ஒன்றும் விழாதபோது முகத்தில் எடுத்து மாட்டிக்கொள்கிற சிரிப்பு அது. சிரித்தபடியே எழுந்து, வாழைக்குத் தண்ணீர் விட வேண்டும் என்று பின்பக்கம் போய்விட்டார். மழை பெய்து முடிந்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வருவாரு நானா. வாசிப்பாரு. நான் கூட்டிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டேன்.

நானா பிளேன்டீயைக் குடித்துவிட்டுச் சந்தோஷமாகப் போனார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்ன காரியம் செய்தோம் என்று அப்போதுதான் உறைத்தது.

அவருக்குக் காது கேட்காமல் போய் மூன்று வருடம் இருக்கும். ஒரே நாளில் வந்த வினையில்லை. முதலில் சேவல் கூவுவது போயிற்று, பிறகு தொலைபேசி மணி, பிறகு நான். கண்டி ஆஸ்பத்திரியில் காட்டினோம். மில்லில் இருந்த இருபது வருடம், வயது, சீனி வியாதி எல்லாம் சேர்ந்து செய்த வேலை என்றார் டொக்டர். காதுக்கு ஒரு மெஷின் கொடுத்தார்கள். இரண்டு நாள் போட்டுவிட்டு, "தகர டின்னுக்குள்ள தலைய விட்ட மாதிரி இருக்கு" என்று அலுமாரி லாச்சியில் போட்டுவிட்டார். அதோடு சரி. தனக்குக் காது கேட்காது என்று அவர் ஒருவரிடமும் சொன்னதில்லை. என்னிடமும் சொன்னதில்லை. "நீ முணுமுணுக்கிற" என்பார். நான் முணுமுணுக்கிறேனாம். நான் கத்துகிற கத்தில் எங்கள் வீட்டில் என்ன கறி என்பது தெருமுனை வரைக்கும் தெரியும்.

அதைவிட மோசம் போன நத்தாருக்கு, கிறிஸ்மஸ் பூசையில் நடந்தது. கோயிலில் பாடகர் குழுவுக்கு டோல்கி வாசிப்பது வருடம் தவறாமல் அவர்தான். பாட்டு முடிந்தது. எல்லோரும் வாயை மூடிவிட்டார்கள். அவர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு அடித்துக்கொண்டே இருந்தார். எட்டு அடியா பத்து அடியா தெரியாது. அமைதியான கோயிலில் டோல்கி மட்டும் தனியாகப் பேசியது. சுவாமி பீடத்திலிருந்து திரும்பிப் பார்த்தார். கோயில் முழுக்கச் சிரித்தது. அவர் நிமிர்ந்து பார்த்தார், கையை எடுத்தார். வீட்டுக்கு வந்து டோல்கியை அலுமாரிக்கு மேலே ஏற்றி, பழைய படுக்கை விரிப்பால் மூடிவிட்டார். பிறகு கோயிலுக்கும் போகவில்லை, சந்தைக்கும் போகவில்லை. அப்படிப்பட்ட மனிதரைத்தான் நான் நூறு பேருக்கு முன்னால் வாசிக்க வைப்பதாக வாக்குக் கொடுத்திருந்தேன்.

நானா வந்துபோன அன்று மாலையே கொழும்பிலிருந்து மகள் போன் எடுத்தாள். குரல் ஒரு மாதிரி இருந்தது.

"அம்மா, அப்பா ஒங்ககிட்ட ஒண்ணும் சொல்லலயா?"

"என்ன சொல்லணும்?"

"கம்பளைக்குப் போய் சித்தப்பாவோட இருக்கப் போறாராம். எனக்கு மெசேஜ் அனுப்பியிருந்தாரு. சித்தப்பாகிட்ட நான்தான் பேசினேன். அவரும் தனியாத்தானே இருக்காரு, வரட்டும்னு சொல்லிட்டாரு."

"எத்தன நாளைக்கு?"

"நாள் கணக்கு ஒண்ணும் சொல்லலம்மா. 'அம்மாவுக்கு என்னால கரைச்சல்'னு எழுதியிருக்காரு. 'அவ தொண்ட போகுது'ன்னு எழுதியிருக்காரு."

அடுப்பில் பருப்பு பிடித்துக் கருகிய வாசனை வந்தும் எழுந்து போக முடியவில்லை. இந்த மனிதர் இல்லாத வீட்டில் நான் யாரோடு சண்டை பிடிப்பது? இதை வேடிக்கையாகச் சொல்லவில்லை. எனக்கு அவர் வேண்டும். கத்திக் கத்தித் தொண்டை வற்றினாலும் பரவாயில்லை, முன்னறையில் இந்தக் கதிரையில் அவர் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆனால் அதைச் சொல்ல வேண்டுமானாலும் கத்தித்தான் சொல்ல வேண்டும். அப்படிக் கத்திச் சொல்லக்கூடிய விஷயமா அது?

நானாவிடம் வாக்குக் கொடுத்ததை மட்டும் கத்திச் சொன்னேன். அவருக்கு விளங்கியது. நான்கு நாள் பேச்சில்லை. ஐந்தாம் நாள் அலுமாரிக்கு மேலிருந்து டோல்கியை இறக்கி, கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"நானாகிட்ட நீ பொய்க்காரியாக வேணாம்" என்றார். "அது முடிஞ்ச கையோட நான் தம்பி வீட்டுக்குப் போறேன்."

விசேஷத்தன்று காலை அவர் தோளில் டோல்கி, கையில் ஒரு சிறிய பயணப்பை. இரண்டு சாரம், சவரச் சாமான், சீனி வியாதி மருந்து எல்லாம் அதற்குள் இருப்பது எனக்குத் தெரியும். நான்தான் அந்தச் சாரங்களைத் துவைத்து மடித்து வைத்தவள். பல்லேகலயிலிருந்து கண்டி, கண்டியிலிருந்து கம்பளை என்று அவருடைய கணக்கு. பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போனோம்.

எங்கள் மில்லை அந்தப் பக்கத்தில் பாட்டு மில் என்றுதான் சொல்வார்கள். தறிகள் ஓடுகிற கூடத்தில் பக்கத்தில் நிற்பவள் கத்தினாலும் கேட்காது. யாருக்கும் கேட்காது என்று தெரிந்தால் மனிதர்கள் என்ன செய்வார்கள்? பாடுவார்கள். தறியின் அடி ஒரே சீராக விழும், அதற்கு மேலே அவரவர் பாட்டை அவரவர் போட்டுக்கொள்வார்கள். தேயிலைத் தோட்டத்து லய வீடுகளிலிருந்து வந்தவர்கள் தோட்டத்துப் பாட்டு, சிங்களப் பெண்கள் அவர்களுடைய பாட்டு, நானா மாதிரி ஆட்கள் கல்யாண வீட்டுப் பைத்துப் பாட்டு. சாப்பாட்டு மணியடித்துக் கூடத்தைவிட்டு வெளியே வந்தும் சிலருக்கு வாய் நிற்காது. அப்படி நிற்காத வாய்களைச் சேர்த்துக்கொண்டு உருவானதுதான் கோஷ்டி. பௌத்தர்களின் வெசாக் பந்தலுக்குக் கூப்பிடுவார்கள், கோயில் திருநாளுக்குக் கூப்பிடுவார்கள், தேருக்குக் கூப்பிடுவார்கள். பல்லேகல மில்லில் வேலை என்று சொன்னால் போதும், தெரியாத ஆட்கள்கூட "என்ன வாத்தியம்?" என்று கேட்பார்கள்.

எனக்கு வாத்தியமும் இல்லை, பாட்டும் இல்லை. என் குரல் தகரத்தில் ஆணி கீறுகிற மாதிரி இருக்கும். கோஷ்டியில் சேரப் போனபோது நானா பொறுமையாக இரண்டு வரி கேட்டுவிட்டு, "தங்கச்சி, நீங்க கை தட்டுங்க" என்றார். அதனால் நான் கூடத்துக்குள் மட்டும் பாடினேன். பதினோரு வருடம், ஒருவருக்கும் கெடுதல் இல்லாமல்.

பிறகு மில் மூடியது. பெண்கள் தங்கியிருந்த விடுதியில் சன்னல்கள் கழன்றன. வாசலில் இருந்த ரொட்டிக் கடை மூடி, கூரையில் கொடி படர்ந்தது. கிரிக்கெட் நாட்களில் மட்டும் அந்தப் பக்கம் மைதானத்துக்குக் கூட்டம் வரும், மறுநாள் காலி. நான் கண்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தையல் படிப்பிக்கப் போனேன். அவர் ஒரு கராஜில் வேலை பார்த்தார். பஸ்ஸில் அந்த வழியாகப் போகிற நாட்களில் இரண்டு பேரும் மற்றப் பக்கம் பார்த்துக்கொள்வோம்.

இப்போது பார்த்தால் ஊரே அடையாளம் தெரியவில்லை. பஸ்ஸைவிட்டு இறங்கும்போதே பாண் வாசனை. ரொட்டிக் கடை இருந்த இடத்தில் கண்ணாடி போட்ட பேக்கரி. கழுத்தில் அட்டை தொங்கவிட்ட பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சிரித்துக்கொண்டு போகிறார்கள். வீட்டுக்கு வீடு 'அறை வாடகைக்கு' என்று மூன்று மொழியிலும் பலகை. த்ரீவீலர்கள் வரிசையாக நின்றன. எனக்கு உள்ளூரச் சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்வானேன். என்னுடைய சொந்தக்காரர் ஒருவர் பெரிய வியாதியிலிருந்து எழுந்து நடமாடுவதைப் பார்த்த மாதிரி இருந்தது.

மில் வாசலில் சுவர் நிறையப் பெரிய படம் ஒன்று ஒட்டியிருந்தார்கள். எங்கள் கோஷ்டி. நடுவில் டோல்கியோடு, மீசை வைத்த, ஒல்லியான என் கணவர். அவர் அதன் முன்னால் நின்று பார்த்தார். பிறகு சட்டைக் கொலரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

எங்களைச் சுற்றிக் காட்ட ஒரு சிங்களப் பிள்ளை வந்தாள், அங்கே மேற்பார்வை வேலையில் இருப்பவள். "அம்மா, இது போடாம உள்ள போக ஏலாது" என்று நல்ல தமிழில் சொல்லி, காதை மூடுகிற செம்மஞ்சள் கவசம் ஒன்றை ஆளுக்கொன்றாகக் கொடுத்தாள். எங்கள் காலத்தில் பஞ்சைத் திணித்துக்கொள்வோம், அதுவும் நினைவு வந்தால்தான். நானா கவசத்தை மாட்டிக்கொண்டு பைலட் மாதிரி இருக்கிறேனா என்று சைகையில் கேட்டார். என் கணவரும் மாட்டிக்கொண்டார். அவருக்கு அது எதற்கு என்று எனக்குள் ஒரு குத்தல் எழுந்தது. அடக்கிக்கொண்டேன்.

உள்ளே போனோம். தறிகள் எல்லாம் புதிது. ஊடு நூலைக் கொண்டுபோக முன்பு போல் நாடா ஓடுவதில்லை, காற்று ஊதித் தள்ளுகிறது. ஆனால் தரை அதே மாதிரி அதிர்ந்தது. செருப்பின் வழியாக முழங்கால் வரைக்கும் ஏறியது. பதினெட்டு, இருபது பேர் இருந்தோம். எல்லோருக்கும் காது அடைத்திருந்தது, ஒருவர் சொல்வது ஒருவருக்குக் கேட்கவில்லை.

மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். அவர் மட்டும் மூன்றாவது வரிசையில், சன்னலோரம் நின்றுவிட்டார். தறிகளைப் பழுது பார்க்கிற பிட்டர் வேலையில் இருந்தபோது அவருடைய மேசை அங்கேதான் கிடந்தது. ஐந்து நிமிடம் பார்த்தேன். என் கால் வலித்தது. நான் யோசித்துச் செய்யவில்லை, கால் தானாகத் தரையை இரண்டு தடவை ஓங்கி மிதித்தது. அவர் திரும்பினார். நான் குரலே எடுக்காமல், வாயை மட்டும் நன்றாகத் திறந்து மூடிச் சொன்னேன்:

"போதும், வாங்க. கால் வலிக்குது."

அவர் அதே மாதிரி, குரலில்லாமல், உதட்டால் சொன்னார்:

"ஒனக்கு எப்ப கால் வலிக்காம இருந்திச்சு?"

நான் அப்படியே நின்றுவிட்டேன்.

இதை வெளியாட்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். தறிக்கூடத்தில் நாங்கள் ஒருவரும் கத்திப் பேசுவதில்லை. கத்தி என்ன பிரயோசனம்? உதட்டால்தான் பேசுவோம். முதலில் காலால் தரையை மிதிக்க வேண்டும், அதிர்வு போய் மற்றவரைத் தட்டும். அவர் திரும்பி முகத்தைப் பார்த்த பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும். ஒவ்வொரு சொல்லையும் உதட்டில் முழுசாக உருட்டி விட வேண்டும். மில்லில் சேர்ந்து மூன்று மாதத்தில் எல்லோருக்கும் பழகிவிடும். நான்கு வரிசை தள்ளி நிற்பவளோடு புருஷன் கதை, மாமியார் கதை எல்லாம் பேசலாம். இந்த மனிதர் என்னைப் பெண் கேட்டதே அப்படித்தான். நூல் அறுந்துபோன என் தறிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "ஒங்க வீட்டுக்கு ஆள் அனுப்பவா?" என்று உதட்டால் கேட்டார். நானும் உதட்டால், "அனுப்புங்க, சனிக்கிழம அப்பா இருப்பாரு" என்றேன். அவருடைய குரல் எப்படி இருக்கும் என்றுகூட அன்றைக்கு எனக்குச் சரியாகத் தெரியாது.

அப்படிப்பட்ட நான் வீட்டில் மூன்று வருடமாக என்ன செய்துகொண்டிருந்தேன்? அடுப்பைப் பார்த்துக்கொண்டு, அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கத்தினேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு கத்தினேன். கத்துகிற வாயில் ஒரு சொல்லும் உருப்படியாக நிற்காது, மில்லில் முதல் வாரத்திலேயே அதைச் சொல்லித் தருவார்கள். ஆனால் மில் மூடியதோடு உதட்டுப் பேச்சும் மூடிவிட்டது என்று இருந்துவிட்டேன். வீட்டில் தறி ஓடவில்லையே, அமைதியாகத்தானே இருக்கிறது என்று நினைத்துவிட்டேன். மடச்சி. அவர் தலைக்குள் இருக்கிறது அந்தத் தறிக்கூடம். எனக்குத் தோன்றாமல் போனது, அவருக்கும் தோன்றாமல் போனது. அவர் எங்கே என் முகத்தைப் பார்த்தார்? ஏசுகிற முகத்தை யார் ஆசையாகப் பார்ப்பார்கள்?

"வெளங்குதா?" என்று உதட்டால் கேட்டேன்.

"வெளங்குது."

"எல்லாமா?"

"எல்லாம் வெளங்குது. நீ அழுகிறதும் வெளங்குது. மூக்கத் தொடச்சிக்க."

முந்தானையால் துடைத்துக்கொண்டேன். அவர் கிட்டே வந்தார். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு தறி ஓடிக்கொண்டிருந்தது, வெள்ளைத் துணி இஞ்ச் இஞ்சாக நீண்டுகொண்டிருந்தது.

"நத்தாருக்கு நீயும் சிரிச்ச" என்றார்.

மேலே எழுதும்போது கோயில் முழுக்கச் சிரித்தது என்று எழுதினேன். முழுக்க என்றால் நானும்தான். மறைக்கப் பார்த்தேன், எழுதுகிறவர்களுக்கு அந்தப் புத்தி உண்டு. வெட்கத்தில் வந்த சிரிப்பு அது, பக்கத்தில் இருந்தவள் என்னை இடித்ததும் வந்துவிட்டது. ஆனாலும் சிரிப்பு சிரிப்புதான்.

"ஆமா. சிரிச்சேன்" என்றேன்.

"மத்தவங்க சிரிச்சா சிரிச்சிட்டுப் போகட்டும். நான் நிமிந்து மொதல்ல ஒன்னத்தான் பாத்தேன். பாட்டு முடிஞ்சிதா இல்லையான்னு நீ சொல்லுவேன்னு பாத்தேன்."

குரலில்லாத பேச்சில் மழுப்ப முடியாது, உதடு காட்டிக் கொடுத்துவிடும். "மன்னிச்சிருங்க" என்றேன். முப்பத்தைந்து வருடத்தில் இந்தச் சொல்லை அவரிடம் நான் சொன்ன நினைவில்லை.

பிறகு கேட்டேன், "கம்பளைக்குப் போகாதீங்க."

அவர் முகத்தைத் தறி பக்கம் திருப்பிக்கொண்டார். உதட்டுப் பேச்சில் முகத்தைத் திருப்பினால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அதற்கு மேல் காலை மிதித்து மிதித்துக் கூப்பிடுவது மரியாதையில்லை. நானும் கூப்பிடவில்லை.

பகல் சாப்பாடு நன்றாக இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். சாப்பாட்டு மண்டபத்திலேயே மேசைகளை ஒதுக்கி, முன்னால் கோஷ்டிக்கு இடம் விட்டிருந்தார்கள். இப்போது வேலை செய்கிற பெண்களும் வந்து பின்னால் நெருக்கியடித்து நின்றார்கள். கோஷ்டியில் மிஞ்சியது ஐந்து பேர். நானா ஆர்மோனியம், பாட்டுக்கு இரண்டு பேர், றபான் மேளத்துக்கு ஒருவர், டோல்கிக்கு இவர். எந்தப் பாட்டு என்று கேட்கவே வேண்டியதில்லை. மில்லிலேயே கட்டி, மில்லிலேயே மெட்டுப் போட்ட பாட்டு ஒன்று உண்டு: 'அறுந்து போகாதே பாவு நூலே, மணியடிக்கும் வரைக்கும் அறுந்து போகாதே' என்று தொடங்கும். நடுவில் ஒரு கண்ணி சிங்களம், கடைசி வரியை மூன்று தடவை இழுத்துப் பாடிச் சட்டென்று நிறுத்த வேண்டும். நிறுத்துகிற இடம்தான் அந்தப் பாட்டின் அழகே. அந்த இடத்தில்தான் எனக்குப் பயம்.

நான் மூன்றாவது வரிசையில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தேன். தொடங்கினார்கள். நானாவின் கை ஆர்மோனியத் துருத்தியில் போய் வருவதை அவர் கண்ணால் பிடித்துக்கொண்டு வாசித்தார். முதல் கண்ணி சரியாகவே போயிற்று. பக்கத்தில் இருந்த சிங்கள அம்மா தலையை ஆட்டினாள். இரண்டாவது கண்ணியில் பாடுகிறவர்களுக்கு மூச்சு வாங்கியது, வயது இல்லையா, கொஞ்சம் தாமதித்தார்கள். டோல்கி தாமதிக்கவில்லை. அரை அடி முன்னால் போயிற்று. பிறகு முழு அடி. நானா ஓரக்கண்ணால் பார்த்தார். றபான்காரர் திரும்பிப் பார்த்தார். என் கணவர் ஒவ்வொரு முகமாகத் தேடினார், கை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் தேடல் எனக்குப் பொறுக்கவில்லை.

எழுந்தேன். இரண்டு வரிசைக் கதிரைகளை இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் போனேன். சபைக்கு முதுகைக் காட்டி, அவருக்கு நேரே நின்றேன். தரையை இரண்டு தடவை மிதித்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

குரலே எடுக்காமல் பாட்டைச் சொல்லத் தொடங்கினேன். ஒவ்வொரு சொல்லும் அவர்கள் வாயிலிருந்து வருகிற அதே நேரத்தில் என் உதட்டில் உருண்டது. பாடுகிறவர் மூச்சு வாங்கினால் நானும் வாய் மூடி நின்றேன். அவர் இழுத்தால் நானும் இழுத்தேன். பின்னால் சிங்களத்தில் ஒருத்தர் உட்காரச் சொன்னார். யாரோ சிரித்தார்கள், பிறகு நாலைந்து பேர் சேர்ந்து சிரித்தார்கள். பருத்த பொம்பிளை ஒருத்தி வழியை மறித்து நின்று மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடினால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? என் காது இரண்டும் கொதித்தன. நன்றாகக் கேட்கிற காதுகள். ஒரு சிரிப்பும் தப்பாமல் கேட்டது. கேட்கட்டும் என்று நின்றேன்.

அவர் என் வாயைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. டோல்கி மெல்லப் பின்வாங்கி வந்து பாட்டோடு சேர்ந்தது. நானாவின் தோள் இறங்கியதைப் பார்த்தேன். கடைசி வரி வந்தது. ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்றாவது தடவை இழுத்தார்கள், நானும் தாடை வலிக்க இழுத்தேன். அவர்கள் நிறுத்தினார்கள். நான் உதட்டை இறுக்கி மூடினேன்.

அவர் கை டோல்கி மேல் விழுந்து அங்கேயே நின்றது. ஒரு அடி கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

கைதட்டல் எனக்குக் கேட்டது, அவருக்குத் தெரிந்தது. அவர் சபையைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டு, உதட்டால் மட்டும், "முடிஞ்சிதா?" என்றார். "முடிஞ்சிது" என்றேன். நானா ஆர்மோனியத்தை மூடிக்கொண்டே, "என்ன தங்கச்சி, ஒங்களக் கை தட்டத்தானே நான் செல்லி வச்சேன்" என்றார். அவருக்கு ஒன்றும் விளங்கியிருக்கவில்லை. நானும் சொல்லவில்லை. அது என் கணவர் சொல்ல வேண்டிய விஷயம்.

நாலு மணிக்கு வெளியே வந்தோம். நானாவும் எங்களோடு பஸ் ஹோல்ட்டுக்கு வந்தார், மடவளைக்கு அவரும் எங்கள் பஸ்ஸில்தான் வர வேண்டும். ஹோல்ட்டில் ஒரு நீளப் பெஞ்சு. அந்தத் தலைப்பில் நானா, நடுவில் நான், இந்தத் தலைப்பில் அவர். ஐந்தாறு பெண்கள் வேலை முடிந்து நின்றார்கள். நானா அடுத்த மாதம் ஒரு கல்யாண வீடு இருக்கிறது, கோஷ்டியாகப் போவோமா என்று அவரிடம் கேட்டார். அவர் முகத்தில் அந்தச் சிரிப்பு வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

கண்டி பஸ் முதலில் வந்தது. கொண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "நுவர, நுவர" என்று கூவினான். நுவர என்றால் கண்டி. என் கணவர் எழுந்து பையைக் கையில் எடுத்தார். என் கை என் மடியில் கிடந்தது, அதைத் தூக்கி அவர் சட்டையைப் பிடிக்க எனக்குத் தெம்பு வரவில்லை. பெண்கள் ஏறினார்கள். கொண்டக்டர் அவரையே பார்த்தான். அவர் அவனுக்கு இல்லையென்று தலையசைத்தார். பஸ் போய்விட்டது.

அவர் என் பக்கம் திரும்பினார். உதட்டால் இல்லை, குரலெடுத்தே பேசினார். தன் குரலின் அளவு அவருக்குத் தெரியாது. ஹோல்ட்டில் மிஞ்சி நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்டது.

"தம்பிக்கு நாளைக்கு நீயே போன் எடுத்துச் சொல்லு, நான் வரலன்னு. நான் எடுத்தா அவன் பேசுறது எனக்குக் கேக்காது."

பிறகு என்னைத் தாண்டி நானாவைப் பார்த்தார்.

"நானா, ஒங்களுக்கும்தான் சொல்றேன். நீங்க இப்ப என்ன கேட்டீங்கன்னு எனக்குத் தெரியாது. எனக்குக் காது கேக்குறதில்ல. மூணு வருசமாச்சு."

நானா எழுந்து, எனக்கு முன்னால் நடந்து, பெஞ்சின் இந்தத் தலைப்புக்கு வந்தார். என் கணவருக்கு நேரே நின்று, காலால் தரையை இரண்டு தடவை மிதித்தார்.